பாடம் 6: வீட்டில் துப்பாக்கி, காட்டோரத்தில் கட்டுத்துப்பாக்கி

சிறு பிள்ளைகளுடன் வீடு திரும்பும் குடும்பங்களுக்கு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மாத்தளை மாவட்டத்தில் பல குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றின. பாதுகாப்பு மையங்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டு இப்போது நீங்கள் திரும்பிப் போகிறீர்கள். சுவர் வெடிப்பு, கிணற்று நீர், பாம்பு, மின்கம்பி பற்றியெல்லாம் முன்னைய பாடங்களில் பேசினோம். இந்தப் பாடம் துப்பாக்கியைப் பற்றியது.

இது ஏன் இந்தக் கையேட்டில் என்று சிலர் கேட்டார்கள். "எங்களிடம் எங்கே துவக்கு இருக்கிறது? லயத்தில் அரிசி வைக்கவே இடமில்லை" என்று ஒரு தாய் சிரித்தார். அவர் சொன்னது உண்மைதான். தோட்டக் குடும்பங்களில் அனுமதிப்பத்திரத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் அன்றைய கலந்துரையாடல் முடிவதற்குள் அதே தாய் வேறொன்றும் சொன்னார். தன் மகன் பள்ளிக்கூடம் போகும் குறுக்குப்பாதையில், பாழாய்க் கிடக்கும் தேயிலை மலைக்குள், யாரோ பன்றிக்குக் கம்பி கட்டுகிறார்கள் என்று. துப்பாக்கி உங்கள் வீட்டில் இல்லாமலிருக்கலாம். உங்கள் பிள்ளை நடக்கும் வழியில் இருக்கலாம்.

நம் மாவட்டத்தில் துப்பாக்கி எங்கே இருக்கிறது

மாத்தளையில் காடும் தோட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இரத்தோட்டை, உக்குவளை, அம்பன்கங்க கோறளைப் பக்கம் நக்கிள்ஸ் மலையடிவாரம். லக்கல, வில்கமுவப் பக்கம் வஸ்கமுவ தேசிய பூங்கா. நாவுல, கலேவெல, தம்புள்ளைப் பக்கம் சோளமும் மரக்கறியும் நெல்லும். எங்கே போனாலும் பன்றி, முள்ளம்பன்றி, குரங்கு. சில இடங்களில் யானை. பயிர்ச்சேதம் எவ்வளவு பெரிய பிரச்சினை என்றால், 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, நாடெங்கும் மக்கள் தம் காணிகளில் நின்று ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணினார்கள். அரசாங்கமே எண்ணச் சொன்னது. ஆகவே, இரவு முழுக்கக் காவல் குடிலில் விழித்திருக்கும் விவசாயியிடம் துப்பாக்கியைத் தூக்கியெறி என்று சொல்ல இந்தப் பாடம் வரவில்லை.

நம் பகுதியில் காணப்படுபவை நான்கு வகை. முதலாவது, பயிர்ப் பாதுகாப்புக்காக அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கும் வேட்டைத் துப்பாக்கி. பெரும்பாலும் 12 போர. இரண்டாவது, ஊரில் செய்யும் அனுமதியற்ற துவக்குகள். மூன்றாவது கட்டுத்துப்பாக்கி. நான்காவது துப்பாக்கியே அல்ல, ஆனால் பிள்ளைகளுக்கு மிக ஆபத்தானது: சிங்களத்தில் 'ஹக்க பட்டாஸ்' என்று சொல்லும் பன்றி வெடி. குரங்கு விரட்ட வைத்திருக்கும் வாயுத் துப்பாக்கிகளும் உண்டு. அவற்றை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் பிள்ளையிடம் கொடுக்கிறார்கள். ஒரு சிறு குண்டு கண்ணில் பட்டால் அந்தக் கண் போய்விடும்.

கட்டுத்துப்பாக்கி: பலகை இல்லாத ஆபத்து

1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்போது மலையகத்தைவிட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் உங்களில் பலருக்கு உறவு. விடுமுறையில் அந்த உறவுப் பிள்ளைகள் இங்கே வருவார்கள். அவர்கள் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள். பலகைக்கு அப்பால் மிதிவெடி இருக்கும், போகக்கூடாது என்று அங்கே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இங்கே கட்டுத்துப்பாக்கிக்குப் பலகை இல்லை. வைத்தவருக்கு மட்டுமே தெரியும். சில வேளை, வைத்தவரே வேறு ஊருக்கு இடம்பெயர்ந்து போய்விட்டார்.

கட்டுத்துப்பாக்கி என்பது மிருகம் நடக்கும் வழியின் ஓரத்தில் மறைத்துக் கட்டிவைக்கும் குழாய்த் துப்பாக்கி. வழிக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ நைலோன் நூலோ போகும். அதில் எது பட்டாலும் வெடிக்கும். பன்றி என்றும் பிள்ளை என்றும் அதற்குத் தெரியாது. பன்றியின் உடலுக்குச் சரியாகப் பெரியவரின் முழங்கால் மட்டத்தில் அதைக் கட்டுகிறார்கள். அதனால்தான் இதில் அகப்படும் விவசாயிகளுக்குப் பெரும்பாலும் காலில் காயம் ஏற்படுகிறது. சிலர் காலை இழக்கிறார்கள். இப்போது உங்கள் மூன்று நான்கு வயதுப் பிள்ளையை உங்கள் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உங்கள் முழங்கால் இருக்கும் உயரத்தில் பிள்ளைக்கு இருப்பது இடுப்பும் வயிறும்.

மண்சரிவுக்குப் பிறகு இந்த ஆபத்து கூடியிருக்கிறது. பழைய பாதைகள் மூடிவிட்டன. ஆட்கள் இல்லாத வீட்டுத் தோட்டங்களில் மரவள்ளியும் வற்றாளையும் கவனிப்பாரற்றுக் கிடந்ததால் பன்றிகள் வீட்டு வாசல்வரை வந்து போயிருக்கின்றன. பன்றி வரும் இடத்துக்குப் பன்றிக்குக் கண்ணி வைப்பவரும் வருவார். நீங்கள் மாதக்கணக்கில் இல்லாத உங்கள் சொந்தக் காணிக்குள்ளேயே யாராவது ஒன்றைக் கட்டியிருக்கலாம். உங்கள் பழைய ஒற்றையடிப் பாதை இப்போது பன்றிப் பாதையாகியிருக்கலாம்.

ஆகவே, முதல் நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பெரியவர்கள் இருவராவது பகல் வெளிச்சத்தில் போங்கள். போகுமுன், ஊரைவிட்டுப் போகாமல் இருந்த அயலவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்தப் பக்கம் யாராவது துவக்குக் கட்டினார்களா, வெடி வைத்தார்களா?" யாருடைய பெயரையும் சொல்லும்படி கேட்காதீர்கள். இடத்தை மட்டும் கேளுங்கள். பெயர் கேட்டால் வாய் மூடிவிடும். இடம் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். கிராம உத்தியோகத்தரிடமும் தோட்டமென்றால் வாச்சரிடமும் விசாரியுங்கள். சிங்கள அயலவர்களிடம் கேட்கும்போது 'பந்தின துவக்குவ' என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும்.

பற்றைக்குள் குறுக்கே இழுத்த கம்பி, தடியில் கட்டிய குழாய், காரணமில்லாமல் வெட்டிச் சீராக்கிய சிறு வழி ஆகியவற்றைக் கண்டால் அப்படியே நில்லுங்கள். வந்த அடித்தடத்திலேயே பின்னால் வாருங்கள். தூரத்தில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். 119க்கோ பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கோ அறிவியுங்கள். தடியால் தட்டிப் பார்ப்பதும், கல்லெறிந்து வெடிக்க வைப்பதும், "நான் பார்த்துக் கழற்றிவிடுகிறேன்" என்று நெருங்குவதும் வேண்டாம். அதைக் கட்டியவர்களே கழற்றும்போது அடிபட்டிருக்கிறார்கள்.

உங்களில் யாராவது கட்டுத்துப்பாக்கி வைத்திருந்தால், இது உங்களுக்கு: முன்பு அந்த வழியில் யார் நடப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இப்போது தெரியாது. மக்கள் புதிய குறுக்குவழிகளில் நடக்கிறார்கள். பிள்ளைகள் விறகுக்கும் தண்ணீருக்கும் புதிய இடங்களுக்குப் போகிறார்கள். கட்டுத்துப்பாக்கி எந்த அனுமதிப்பத்திரத்தின் கீழும் வராது. சட்டப்படி குற்றம்.

பட்டாசு என்ற பெயரே பொல்லாதது

பன்றி வெடியை உணவுப் பொருளுக்குள் மறைத்து வைப்பார்கள். மிருகம் கடித்தால் வாய்க்குள் வெடிக்கும். இந்த நாட்டில் எத்தனையோ யானைக் குட்டிகள் வாய் சிதைந்து, தின்ன முடியாமல், நாள்கணக்கில் துடித்துச் செத்திருக்கின்றன. அதே பொருள் பற்றைக்குள் ஒரு உருண்டையாக, பூசணித் துண்டாக, பொட்டலமாகக் கிடக்கும். பிள்ளையின் கண்ணுக்கு அது ஒன்றில் தின்பண்டம், இல்லாவிட்டால் தீபாவளிப் பட்டாசு. பெரியவர்கள் வாயிலிருந்தே "பட்டாசு" என்ற சொல்லைக் கேட்ட பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துவந்து அடுப்பில் போடும், அல்லது கல்லால் தட்டிப் பார்க்கும். வீட்டில் இதைப் பற்றிப் பேசும்போது பட்டாசு என்று சொல்லாதீர்கள். வெடிகுண்டு என்றே சொல்லுங்கள். மிகைப்படுத்துவதாகத் தோன்றினாலும் பரவாயில்லை.

கீழே கிடக்கும் எந்தத் தின்பண்டத்தையும் பொட்டலத்தையும் எடுக்கக்கூடாது என்பது எல்லாப் பிள்ளைக்கும் பழக்கமாக வேண்டும். வீட்டு நாயையும் முதல் சில வாரம் கட்டி வைப்பது நல்லது. அது வாயில் கவ்விக்கொண்டு வாசலுக்கே கொண்டுவந்துவிடும்.

வீட்டில் அனுமதிப்பத்திரத் துப்பாக்கி இருந்தால்

என் அம்மம்மா வீட்டில் தாத்தாவின் துப்பாக்கி கதவு நிலைக்கு மேலே இரண்டு ஆணியில் தொங்கியது. "அதைத் தொட்டால் கை வெட்டுவேன்" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்புக் கல்வி. தாத்தா குளிக்கப் போன நேரங்களில் நானும் என் அண்ணாவும் கதிரையை இழுத்துவைத்து ஏறி அதைத் தொட்டிருக்கிறோம், ஒரு தடவையல்ல. தோட்டா வேறிடத்தில் பூட்டியிருந்தது. அதனால் இன்று இதை எழுதுகிறேன்.

நாங்கள் மட்டும் விதிவிலக்கல்ல. அமெரிக்காவில் 2001இல் வெளியான ஒரு குழந்தை மருத்துவ ஆய்வில், 8 முதல் 12 வயதுவரையான 64 சிறுவர்களைச் சிறு சிறு குழுவாக ஓர் அறையில் விட்டுப் பார்த்தார்கள். அறையின் லாச்சியொன்றில் தோட்டா இல்லாத உண்மைத் துப்பாக்கி இருந்தது. 48 பேர் அதைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை அழுத்தினார்கள். எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று முன்பே யாரிடமோ பாடம் கேட்டவர்கள். கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது விளையாட்டுத் துப்பாக்கியா உண்மையானதா என்றே தெரியவில்லை.

பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது தேவை. ஆனால் சொல்லிவிட்டோம் என்று நம்பி இருக்க முடியாது. துப்பாக்கியைப் பிள்ளைக்கு எட்டாமல் வைப்பது பெரியவரின் வேலை. நம் வீடுகளில் அதை எப்படிச் செய்வது?

துப்பாக்கியை எப்போதும் தோட்டா இல்லாமல் வையுங்கள். காவல் குடிலிலிருந்து விடிகாலையில் வரும்போது தூக்கக் கலக்கத்தில் அப்படியே சுவரில் சாத்திவிட்டுப் படுப்பதுதான் அதிக ஆபத்தான நேரம். பிள்ளைகள் எழும்புவதும் அதே நேரம். வீட்டு வாசலுக்கு வருமுன்பே, ஆளில்லாத பக்கம் குழாயைத் திருப்பி, மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் கண்ணால் பாருங்கள். பிறகுதான் உள்ளே கொண்டுபோங்கள்.

துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம், இரண்டுக்கும் பூட்டு. இரும்புப் பெட்டி இல்லாவிட்டால், சுவரில் நன்றாக அடித்த இரும்பு வளையத்தில் சங்கிலி போட்டு, விசைக் காப்பு வளையத்துக்குள்ளால் கோத்து, மாங்காய்ப் பூட்டுப் போடலாம். பெரிய செலவில்லை. தோட்டாவைத் தகர டின்னில் போட்டு வேறு அறையில் பூட்டி வையுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். சாமித் தட்டுக்குப் பின்னால், அரிசி வாளிக்குள், கூரை ஓட்டுக்கு அடியில் என்று ஒளித்து வைப்பதில் பயனில்லை. வீட்டில் ஒளித்து வைத்த பலகாரத்தைப் பிள்ளை எத்தனை நாளில் கண்டுபிடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சிறு பிள்ளையின் விரலுக்கு விசையை இழுக்கப் பலம் இல்லை என்று நினைக்கும் தகப்பன்மார் இருக்கிறார்கள். பிள்ளை நம்மைப்போல் பிடிப்பதில்லை. துப்பாக்கியைத் தரையில் கிடத்தி, குழாய் தன் பக்கம் திரும்பியிருக்க, இரண்டு கட்டைவிரலாலும் தள்ளும். அதற்குப் பலம் போதும்.

தற்காலிகக் கூடாரத்திலோ பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறையிலோ உறவினரோடு தங்கியிருக்கும்போது பூட்டி வைக்க இடமே இருக்காது. அந்த நிலையில் துப்பாக்கியை அங்கே வைத்திருக்காதீர்கள். வீடு திருந்தும்வரை பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து, எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பித் தரமாட்டார்கள் என்ற பயம் சிலருக்கு உண்டு. அந்தச் சீட்டும் அனுமதிப்பத்திரப் பிரதியும் உங்கள் கையில் இருக்கும்வரை துப்பாக்கி உங்களுடையது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

மண்ணில் புதைந்த துப்பாக்கி, நனைந்த தோட்டா

வெள்ளத்திலும் சேற்றிலும் கிடந்த துப்பாக்கியை எடுத்தவுடன் சுட்டுப் பார்க்க வேண்டாம். குழாய்க்குள் சேறு அடைத்திருந்தால் குழாயே வெடித்துக் கையும் முகமும் போகும். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று தெரியாவிட்டால், இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தூர அனுப்பிவிட்டுப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். நனைந்த தோட்டாவை வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ காய வைப்பதும், குப்பையோடு எரிப்பதும் கூடாது. நனைந்த தோட்டா வெடிக்காது என்பதும் நிச்சயமில்லை. எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்துவிடுங்கள்.

துப்பாக்கியே காணாமல் போயிருந்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். வெட்கப்பட்டோ பயந்தோ தள்ளிப்போடாதீர்கள். 1971இலும் 1987–89 காலத்திலும் ஊர்வீடுகளிலிருந்து பறிபோன துப்பாக்கிகள் பிறகு யார் கையில் என்ன செய்தன என்பதை இந்த மாவட்டத்தின் மூத்தவர்கள் அறிவார்கள்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. புயல் நவம்பர் கடைசியில் வந்தது, அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31இல் முடிகிறது. பலருக்கு அந்த ஒரு மாதம் பாதுகாப்பு மையத்தில் போய்விட்டது. காலம் கடந்துவிட்டதே என்று துப்பாக்கியை மறைத்து வைத்தால் அது சட்டவிரோதத் துப்பாக்கியாகிவிடும். கிராம உத்தியோகத்தரிடம் இடம்பெயர்ந்ததற்கான கடிதம் வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்கோ மாத்தளை மாவட்டச் செயலகத்துக்கோ போய் நிலைமையைச் சொல்லுங்கள். பத்திரம் தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் அனுமதி தானாகப் பிள்ளைக்கு வராது. துப்பாக்கியைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு, தேவையானால் வேறொருவர் தம் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.

காயம் பட்டால்

1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம். நக்கிள்ஸ் பக்கத்துப் பல ஊர்களில் சிக்னல் கிடைக்காது. உங்கள் வீட்டிலிருந்து எந்தத் திருப்பத்தில் சிக்னல் கிடைக்கிறது, இரவில் யாரிடம் முச்சக்கரவண்டி இருக்கிறது என்பதை இப்போதே தெரிந்துவையுங்கள்.

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்துப் பலமாக அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்று வையுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், சாம்பல் எதுவும் போடாதீர்கள். உள்ளே குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். கையிலோ காலிலோ அழுத்தியும் இரத்தம் நிற்காமல் பாய்ந்தால், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். வாயில் காயமென்றால் பிள்ளையை முன்னால் குனிந்தபடி இருக்க வையுங்கள், இரத்தம் தொண்டைக்குள் போகக்கூடாது. குடிக்கவும் தின்னவும் கொடுக்காதீர்கள். மாத்தளை மாவட்ட பொது வைத்தியசாலைக்கோ பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ நேரே கொண்டுபோங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் காத்திருக்க வேண்டாம்.

இங்கே ஒன்றைத் திறந்து சொல்ல வேண்டும். அனுமதியில்லாத துவக்கால் காயமென்றால், பொலிஸ் வருமே என்று பயந்து வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறார்கள், அல்லது மரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்கிறார்கள். பொலிஸ் விசாரிக்கும், அதை மறைக்க முடியாது. ஆனால் துப்பாக்கிக் காயம் என்று தெரிந்தால் மருத்துவர் உடலுக்குள் குண்டைத் தேடுவார். மரத்திலிருந்து விழுந்தது என்றால் எலும்பைத்தான் பார்ப்பார். வழக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க

நான்கு வயதிலிருந்து சொல்லலாம். நான்கு சொல் போதும்: நில். தொடாதே. திரும்பு. சொல். 'திரும்பு' என்றால் வந்த அடியிலேயே திரும்புவது, புதுவழியாக ஓடுவதல்ல. வாயால் சொன்னால் மறந்துவிடும், ஆகவே விளையாடிப் பழக்குங்கள். முற்றத்தில் ஒரு நூலைக் கட்டுங்கள், ஒரு பொட்டலத்தைப் போடுங்கள், பிள்ளை கண்டதும் நின்று, திரும்பி, உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை, இடம் மாற்றி. அயல் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது கேட்கும் பிள்ளை கூட்டாளிகளோடு இருக்கும்போது கேட்காது. கூட்டாகவே பழக வேண்டும்.

பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று அந்த வீட்டாரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. "எங்கள் சின்னவன் எதையும் விடமாட்டான் அக்கா, அண்ணாவின் துவக்கு பூட்டித்தானே இருக்கு?" என்று கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வைத்திருக்க வேண்டிய இலக்கங்கள்: அம்பியுலன்ஸ் 1990. பொலிஸ் அவசரம் 119. சிறுவர் உதவி 1929. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. யானையும் மற்ற வனவிலங்கும் பற்றி வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992.

வீட்டில் பேச

அடுத்த கூட்டத்துக்கு முன் கணவனும் மனைவியும், வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களும், ஒன்றாக இருந்து இதைப் பேசிக்கொண்டு வாருங்கள். உங்கள் பிள்ளை போகக்கூடாது என்று நீங்கள் சொன்ன பற்றைக்குள் போய், அங்கே ஒரு கம்பியைக் கண்டு, நின்று, திரும்பி வந்து உங்களிடம் சொல்கிறது. போனதற்கு அடிப்பீர்களா? உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன?